கதவில் அறைந்த தகடு: கிளாஸ்கோவின் ஓரறை வீடுகளும் சுகாதாரக் கண்காணிப்பும்

நள்ளிரவையொட்டிக் கதவு தட்டப்படும். தூக்கம் கலைந்து யாராவது எழுந்து திறந்தால், வெளியே விளக்கும் குறிப்பேடுமாக மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர் நின்றிருப்பார். வீட்டில் திருட்டுப் பொருள் இருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா என்றெல்லாம் அவர் கேட்க மாட்டார். அந்த நேரத்தில் அந்த அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார். எண்ணி முடித்ததும், கதவருகே அறைந்திருக்கும் சிறிய உலோகத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அறையின் கொள்ளளவு எத்தனை கன அடி, அதில் எத்தனை பெரியவர்கள் உறங்கலாம் என்ற இரண்டு விவரங்களும் அந்தத் தகட்டில் இருக்கும். ஒரு தலை கூடினாலும் வழக்கு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1860-களில் தொடங்கிய இந்த ஏற்பாடு, இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் தொடர்ந்தது. தகடு அறைந்த வீடுகளை ஊரார் 'டிக்கெட் வீடு' என்றார்கள். ஆய்வாளரின் காலடிச் சத்தம் மாடிப்படியில் கேட்டதும், கணக்குக்கு மிஞ்சியவர்கள் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்துகொள்வார்கள். சிலர் கூரை மேலேயே ஏறிவிடுவார்கள். ஸ்காட்லாந்தின் குளிர்கால நள்ளிரவில், உறங்க இடம் கேட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு மனிதன் கூரையோட்டின் மேல் பதுங்கியிருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பொதுச் சுகாதாரத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் குடிநீர்க் குழாயையும் பாதாளச் சாக்கடையையும் தடுப்பூசியையும் பற்றி விரிவாகப் பேசுவார்கள். இந்தத் தகட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. ஏழையின் அறைக்குள் அரசு நுழைந்து அளவெடுக்கத் தொடங்கிய தருணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏழையைக் கண்காணிப்பதற்காக எழுதிய அந்தக் கணக்கேடுகளே ஐம்பது ஆண்டுகளில் ஏழைக்குச் சாதகமான மிக வலுவான சாட்சியமாக மாறின என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது.

1801-இல் கிளாஸ்கோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 77,000. நூறு ஆண்டு கழித்து அது ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. பஞ்சாலை, இரும்பு உருக்காலை, கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்கள் என்று வேலை இருந்ததால் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் பஞ்சத்தில் வாடிய அயர்லாந்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தார்கள். அந்த வேகத்துக்கு வீடுகள் பெருகவில்லை. செல்வர்கள் மேற்குப் பக்கம் புதுமனைகளுக்குக் குடிபெயர்ந்ததும், அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகளைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்திலும் தோட்டத்திலும் மூன்று நான்கு மாடி உயரத்துக்குப் பின்கட்டுகள் எழுந்தன. தெருவிலிருந்து அந்தப் பின்கட்டுக்குப் போக ஒரு முடுக்கு. அதைக் 'கிளோஸ்' என்பார்கள். பகலிலும் இருட்டாக, ஈரம் கசியும் கற்சுவர்களோடு இருந்த அந்த முடுக்குகளை, இடிப்பதற்கு முன்பு பதிவு செய்துவைக்கும்படி தாமஸ் ஆனன் என்ற புகைப்படக் கலைஞரிடம் நகரம் ஒப்படைத்தது. 1868 முதல் சில ஆண்டுகள் அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் உருவம் கலங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். நீண்ட நேர ஒளிப்பதிவுக்கு அவர்களால் அசையாமல் நிற்க முடியவில்லை.

ஓரறை வீட்டுக்குக் கிளாஸ்கோவில் 'சிங்கிள் எண்ட்' என்று பெயர். நம் நகரங்களில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பும் படுக்கையும் துணி உலர்த்தும் கயிறும் எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான். சுவரில் குடைந்த மாடத்துக்குள் கட்டில் இருக்கும். சில வீடுகளில் அதற்குக் கதவு போட்டு அலமாரி போல மூடிவிடுவார்கள். குளிருக்கு அடக்கமாக இருக்கும், காற்று மட்டும் நுழையாது. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும். அதுவும் பின்னாளில் வந்ததுதான். அதற்கு முன்பு கொல்லையில் இருந்த ஒன்றை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

நகரத்தின் ஆட்சியாளர்களைக் கவலைப்பட வைத்தது டைஃபஸ் காய்ச்சல். நெரிசலில் பேன் வழியாகப் பரவும் நோய் அது. பேன்தான் காரணம் என்பது அப்போது தெரியாது. கெட்ட காற்றும் நெரிசலும் நோயைக் கொண்டுவருகின்றன என்று மட்டும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதி சரி. 1859-இல் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காட்ரின் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து காலராவை அடக்கிய நகரம் அது. தண்ணீரைக் குழாயில் கொண்டுவர முடிந்தது போலக் காற்றையும் சட்டத்தால் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினார்கள். நகர நிர்வாகத்துக்கான 1862-ஆம் ஆண்டுக் 'காவல் சட்டம்' அப்படிப் பிறந்ததுதான்.

அந்தச் சட்டத்தின்படி, மூன்று அறைகளுக்கு மிகாமல் மொத்தக் கொள்ளளவு 2,000 கன அடிக்குள் அடங்கும் எந்த வீட்டையும் மாநகராட்சி அளந்து தகடு அறையலாம். பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. 1890-இல் பெரியவருக்கான அளவை 400 கன அடியாக உயர்த்தினார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 அடி நீளம், 11 அடி அகலம், 9 அடி உயரம் கொண்ட ஓர் அறை. கொள்ளளவு 1,386 கன அடி. பழைய விதிப்படி நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையும் அதில் சட்டப்படி உறங்கலாம். புதிய விதி வந்த மறுநாள் அதே அறையில் மூன்று பெரியவர்களுக்குத்தான் இடம். குழந்தைக்குக்கூட இடமில்லை. அறை மாறவில்லை, வாடகை மாறவில்லை, வீட்டுத் தலைவனின் கூலியும் மாறவில்லை. முந்தின இரவு வரை நேர்மையாக வாழ்ந்த குடும்பம் மறுநாள் குற்றம் செய்த குடும்பமாகிவிட்டது. அதிகக் காற்று வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னது முழுக்க நியாயம். அந்தக் காற்றுக்கு யார் விலை கொடுப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

1872-இல் கிளாஸ்கோவின் முதல் முழுநேரச் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் பர்ன் ரஸல் இதை உணர்ந்தவர். இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். காய்ச்சல் மருத்துவமனையில் ஏழைகளை நேரில் பார்த்துப் பழகியவர். 1888-இல் அவர் ஆற்றிய ஓர் உரை, ஓரறை வாழ்க்கையைப் பற்றி நகரத்தின் வசதியானவர்கள் அதுவரை கேட்டிராத வகையில் பேசியது. நகர மக்களில் கால்வாசிப் பேர் ஓரறை வீட்டில் வாழ்கிறார்கள், 45 சதவீதம் பேர் ஈரறை வீட்டில் வாழ்கிறார்கள் என்றார். ஓரறை வீடுகளில் நூற்றுக்குப் பதினான்கிலும், ஈரறை வீடுகளில் நூற்றுக்கு இருபத்தேழிலும், குடும்பத்தோடு வெளியாட்களும் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். தகடு அறைந்த வீடுகள் 23,288. அவற்றில் 16,413 ஓரறை வீடுகள், 6,875 ஈரறை வீடுகள்.

அந்த உரையில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு கணக்கு. கிளாஸ்கோவில் ஐந்து வயது நிறைவதற்கு முன் இறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் ஓரறை வீட்டில் இறக்கிறார்கள். ஐந்து அறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் இறப்பவர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. ரஸல் அந்த எண்ணோடு நிறுத்தவில்லை. ஓரறை வீட்டில் குழந்தை இறந்தால் அந்தச் சிறிய உடலை எங்கே கிடத்துவது என்று கேட்டார். அடக்கம் செய்யும் வரை அதே அறையில்தான் சமைக்க வேண்டும், உண்ண வேண்டும், மற்ற குழந்தைகள் விளையாட வேண்டும், இரவில் அதன் அருகிலேயே எல்லோரும் உறங்க வேண்டும். புள்ளிவிவரத்தின் பின்னால் இருக்கும் துக்கத்தைச் சபையில் எழுந்து சொல்லும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் அதிகம் பிறப்பதில்லை.

ஆனாலும் இரவுச் சோதனைகள் அவர் காலத்திலும் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் முறை கதவுகள் தட்டப்பட்டன. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் குடித்தனக்காரர்கள். பெரிய வீட்டைப் பலகையால் பிரித்து அறை அறையாக விட்டவர்களும், அவர்கள் சார்பாக வாடகை வசூலித்த காரியஸ்தர்களும் அந்தக் கூண்டில் நின்றது அரிது. நெரிசலைச் சட்டம் ஒரு நடத்தைக் குறைபாடாகப் பார்த்தது. குடிகாரன், சோம்பேறி, ஒழுங்கில்லாதவன்தான் இப்படி அடைந்து வாழ்வான் என்ற எண்ணம் நகரத்தின் மேல்தட்டில் ஊறிக் கிடந்தது.

உண்மையில் மக்கள் ஏன் சிறிய அறையைத் தேடிப் போனார்கள்? கப்பல் கட்டும் தளத்திலும் துறைமுகத்திலும் வேலை நிலையானதாக இல்லை. ஒரு மாதம் நல்ல கூலி, அடுத்த மாதம் வெறுங்கை. ஸ்காட்லாந்தில் வீட்டை ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. நல்ல மாதத்தை நம்பிப் பெரிய வீட்டை ஒப்புக்கொண்டால் கெட்ட மாதத்தில் தெருவில் நிற்க நேரும். அதனால் மிக மோசமான வாரத்தில் எவ்வளவு கொடுக்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் வீடு பார்த்தார்கள். அதோடு, நிலத்தை விற்றவருக்கே ஆண்டுதோறும் ஒரு கட்டணம் செலுத்திக்கொண்டிருக்க வேண்டிய நிலவுரிமை முறையும் அங்கே இருந்தது. மனைக்கான அந்தச் சுமையை ஈடுகட்ட, கட்டுபவர்கள் உயரமாகக் கட்டினார்கள், அறைகளைச் சுருக்கினார்கள். ஓர் ஏழைக் குடும்பம் ஓரறையில் அடைந்திருந்ததற்குப் பின்னால் இத்தனை காரணங்கள் நின்றன. ஆய்வாளரின் குறிப்பேட்டில் இவை எதற்கும் பத்தி இல்லை.

இடித்துவிட்டால் தீருமா என்றும் நகரம் முயன்று பார்த்தது. 1866-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய முடுக்குகளை வாங்கி இடித்து அகலமான தெருக்கள் போடுவது திட்டம். அதற்காக விதித்த வரியால் கோபமடைந்த வாக்காளர்கள், திட்டத்தை முன்னின்று நடத்திய நகரத் தலைவர் ஜான் பிளாக்கியையே தேர்தலில் தோற்கடித்தார்கள். இடித்த இடங்களிலிருந்து வெளியேறியவர்கள் அடுத்த தெருவின் ஓரறைகளில் போய் நெருக்கியடித்தார்கள். மாநகராட்சி தானே வீடு கட்டத் தொடங்கியபோதும், முதல் உலகப் போர் வருவதற்குள் கட்டி முடித்தவை இரண்டாயிரத்தை ஒட்டிய வீடுகள்தான். தகடு அறைந்த வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்கு.

1900 ஆகஸ்டில் கோர்பல்ஸ் பகுதியின் ரோஸ் தெருவில் ஒரு நோய் தலைகாட்டியது. மீன் விற்கும் ஒரு பெண்ணும் அவர் வீட்டுக் குழந்தையும் முதலில் மாண்டார்கள். அங்கிருந்த கத்தோலிக்கர்களின் வழக்கப்படி உற்றார் உறவினர் எல்லோரும் அந்த வீட்டில் கூடி, உடலருகே இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அப்படி வந்து போனவர்களிடையே காய்ச்சலும் நெறிகட்டலும் பரவின. பம்பாயை 1896 முதல் வாட்டிக்கொண்டிருந்த அதே பிளேக் கிளாஸ்கோவின் பின்கட்டுக்குள் வந்திருந்தது.

ரஸலுக்குப் பின் 1898-இல் பொறுப்புக்கு வந்த ஆர்ச்சிபால்ட் சால்மர்ஸ் அதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. நோயாளிகள் பெல்விடியர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களோடு பழகியவர்கள் மாநகராட்சியின் தனி விடுதியில் தங்க வைக்கப்பட்டார்கள். மாடிப்படிகளும் முடுக்குகளும் கழுவப்பட்டுச் சுண்ணாம்பு பூசப்பட்டன. இழவு வீட்டுக் கூடுகையை நிறுத்தக் கத்தோலிக்கப் பாதிரியார்களின் ஒத்துழைப்பைப் பெற்றார்கள். 36 பேரைப் பீடித்து 16 பேரைக் கொன்றதோடு நோய் அடங்கியது. பிடித்துச் சோதித்த எலிகளில் கிருமி அகப்படவில்லை. மனிதர்களின் பேனும் தெள்ளுப்பூச்சியுமே அங்கே நோயைக் கடத்தியிருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், ஒரே படுக்கையில் நால்வர் உறங்கிய நெரிசல்தான் நோய்க்கு வழி செய்தது என்றாகிறது.

இதற்கு மூன்று ஆண்டு முன்னால் இதே பிளேக்குக்காக, இதே பேரரசின் ஆட்சியில், புனேயில் நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள். அந்த அவமதிப்பின் விளைவாக 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் நள்ளிரவுக் கதவுத்தட்டல் இருந்தது. ஆனால் அங்கே அதிகாரி பாதிரியாரிடம் போய்ப் பேசினார், குடும்பங்களிடம் எடுத்துச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் வாக்காளர்களின் அண்டை வீட்டார். புனேயில் இருந்தவர்களை ஆட்சி அப்படி நினைக்கவில்லை. சுகாதார அதிகாரம் ஒன்றாக இருந்தாலும், அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் கை மெதுவாகவோ முரட்டுத்தனமாகவோ விழுகிறது.

அதே 1900-இல் கிளாஸ்கோ ஒரு புதிய கட்டட ஒழுங்குச் சட்டத்தையும் நிறைவேற்றியது. அலமாரி போல மூடிய மாடக் கட்டில்கள் இனிக் கூடாது, முன்பக்கத்தில் முக்கால் பங்கு தரையிலிருந்து கூரைவரை திறந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. சின்ன விதிதான். காற்று புகாத பெட்டிக்குள் காசநோய்க்காரத் தந்தையோடு சேர்ந்து உறங்கும் குழந்தைக்கு அது சின்ன விதி அல்ல.

இப்போது அந்தக் கணக்கேடுகளுக்கு வருவோம். நாற்பது ஆண்டுகள் அறைகளை அளந்து, தலைகளை எண்ணி, இறப்புகளை அறை எண்ணிக்கை வாரியாகப் பிரித்து எழுதிய பழக்கம் கிளாஸ்கோவுக்கு அரிய வசதியொன்றைக் கொடுத்திருந்தது. எந்த வீட்டில் எத்தனை அறை, அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை இணைத்துப் பார்க்க முடிந்தது. 1901-ஐ ஒட்டிய கணக்கில், ஓரறை வீடுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 32-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் அறை கொண்ட வீடுகளில் ஏறத்தாழ 11 பேர். ஏழ்மை, பட்டினி, ஓரறை மூன்றும் பின்னிப் பிணைந்தவை என்பதால், எல்லா மரணத்தையும் அறையின் மேல் மட்டும் சுமத்த முடியாது. சால்மர்ஸ் போன்றவர்களும் அதை அறிந்திருந்தார்கள். இருந்தும் அந்த ஏணிப்படி வரிசை, ஓர் அறை கூடக்கூட மரணம் குறைந்துகொண்டே போன ஒழுங்கு, யாராலும் தட்டிக்கழிக்க முடியாததாக இருந்தது.

அதைவிட ஆழமாக உறைத்தது பள்ளிக் குழந்தைகளின் கணக்கு. கிளாஸ்கோ பள்ளிகளில் படித்த 72,857 குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் எடுத்து, அவர்கள் வீட்டில் எத்தனை அறை என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்துக் கல்வித் துறை 1907-இல் அதை அறிக்கையாக வெளியிட்டது. ஓரறை வீட்டுப் பையன்களின் சராசரி உயரம் 46.6 அங்குலம். ஈரறை வீட்டில் 48.1, மூன்றறையில் 50, நான்கும் அதற்கு மேலும் என்றால் 51.3. எடையும் அப்படியே. ஓரறைப் பையன் 52.6 பவுண்டு, நான்கறைப் பையன் 64.3 பவுண்டு. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குள்ளம், ஐந்து கிலோவுக்கு மேல் இளைப்பு. பெண்குழந்தைகளிடமும் இதே வரிசைதான். இது தற்செயலாக இருக்க முடியாது என்று அறிக்கை எழுதியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இந்த அட்டவணையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வகுப்பறை தெரிகிறது. ஒரே வயதுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். யார் எத்தனை அறை வீட்டிலிருந்து வருகிறான் என்று கேட்கவே வேண்டாம், தலை உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒழுக்கமில்லாத ஏழை என்ற வாதம் இந்த இடத்தில் சரிந்து விழுந்தது. ஆறு வயதுப் பையன் எந்தக் குடியும் குடிக்கவில்லை, எந்தச் சோம்பலும் படவில்லை. அவன் உடம்பில் பதிந்திருந்தது அவன் வீட்டு அறைகளின் எண்ணிக்கை.

அறிவு சேர்ந்துவிட்டதால் மட்டும் வீடு வந்துவிடாது. சேர்ந்த அறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி நகரமன்ற உறுப்பினரான ஜான் வீட்லி, மாநகராட்சிக்குச் சொந்தமான டிராம் வண்டிகளில் கிடைக்கும் உபரி வருமானத்தைக் கொண்டு தொழிலாளர்களுக்கு ஆண்டு வாடகை 8 பவுண்டில் தனி வீடுகள் கட்ட வேண்டும் என்று போருக்கு முன்பே வாதாடினார். அப்போது அது ஏற்கப்படவில்லை.

பிறகு போர் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் ஆட்கள் குவிந்தார்கள். புதிய வீடு எதுவும் எழவில்லை. காலி அறைக்கு இருந்த தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கணவன் போர்முனையில் இருக்க, வாடகை கட்ட முடியாத மனைவிக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது. 1915-இல் கோவன் பகுதிப் பெண்கள் மேரி பார்பர் தலைமையில் திரண்டார்கள். உயர்த்திய வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று சன்னல்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெளியேற்ற அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் மணி அடிப்பார்கள். முடுக்கின் வாசலில் பெண்கள் கூடி மறிப்பார்கள். நள்ளிரவில் ஆய்வாளருக்குப் பயந்து ஒளிந்த அதே மாடிப்படிகளில் இப்போது பட்டப்பகலில் அவர்கள் நின்றார்கள். இருபதாயிரம் குடும்பங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் போல வாடகையை நிறுத்திவைத்தன. நவம்பர் 17 அன்று, வாடகை தராதவர்கள் மேல் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது, தொழிலாளர்கள் ஆலைகளை விட்டிறங்கி நீதிமன்றத்தின் முன் குவிந்தார்கள். ஆண்டு முடிவதற்குள், சிறு வீடுகளின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தும் சட்டத்தை லண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

1912-இல் அமைத்த ஸ்காட்லாந்து வீட்டுவசதிக்கான அரச ஆணையம் 1917-இல் தன் அறிக்கையைத் தந்தது. சுகாதார அதிகாரிகளும் ஆய்வாளர்களும் அதன் முன் சாட்சி சொன்னவர்கள். ஸ்காட்லாந்து மக்களில் 47.9 சதவீதம் பேர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்கிறார்கள், இங்கிலாந்தில் அது 7.1 சதவீதம்தான் என்று அந்த அறிக்கை காட்டியது. கிளாஸ்கோவில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள். தனியார் கட்டுமானம் இதைச் சரிசெய்யாது, அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று ஆணையத்தின் பெரும்பான்மை முடிவு செய்தது. ஐம்பது ஆண்டுகளாகக் குடித்தனக்காரனுக்கு எதிராக எழுதிய கணக்கு, இப்போது அவனுக்கு வீடு கட்டித் தரச் சொல்லும் வழக்கின் முதல் ஆவணமாக மேசை மேல் இருந்தது. எண்ணியவர்கள் இப்படி ஆகும் என்று நினைத்து எண்ணவில்லை. விளக்கோடு படியேறிய ஆய்வாளர்களில் சிலராவது, தாங்கள் எழுதுவது குற்றப் பட்டியல் இல்லை என்பதை நெடுநாள் முன்பே உணர்ந்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

1919-இல் மாநகராட்சிகள் வீடு கட்ட அரசுப் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. மாஸ்பார்க், நைட்ஸ்வுட் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. மூன்று நான்கு அறைகள், தனிக் குளியலறை, வீட்டைச் சுற்றித் தோட்டம். 1924-இல் அதே வீட்லி பிரிட்டனின் சுகாதார அமைச்சராக இருந்து கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் இன்னும் பெருமளவில் வீடுகளுக்கு வழிவகுத்தது. வீட்டுவசதி அன்று சுகாதாரத் துறையின் கீழ் இருந்ததற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

ஆனால் தொடக்கத்தில் கட்டிய நல்ல வீடுகளின் வாடகை, கைத்தொழில் தெரிந்தவர்களுக்கும் எழுத்தர்களுக்கும்தான் கட்டுப்படியானது. டிக்கெட் வீட்டுக் குடும்பங்கள் 1930-களின் சேரி ஒழிப்புத் திட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது அவர்களுக்குக் கிடைத்தது பிளாக்ஹில் போன்ற இடங்கள். மலிவான பொருளில், வசதிகளைக் குறைத்து, மற்ற மாநகராட்சி வீடுகளைவிட ஒரு படி தாழ்த்திக் கட்டப்பட்டவை. அங்கே கதவில் தகடு இல்லை. பகல் வெளிச்சத்தில், மாநகராட்சி அனுப்பிய பெண் ஆய்வாளர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். படுக்கைகளைப் புரட்டிப் பார்த்து, தரையையும் அடுப்படியையும் பார்த்து, இந்தக் குடும்பம் எவ்வளவு சுத்தம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.